வன்தட்டு முறிந்தபின் வருந்திப் பயன் என்ன?

ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த வரவு செலவுக் கணக்குகள், உறுதிகளின் பிரதிகள், பரீட்சை வினாத்தாள்கள், நோயாளர் குறிப்புகள், மறைந்துபோன பெற்றோரின் படங்கள் ஆகிய யாவும் ஒரே இரவில் இல்லாமற் போகின்றன. வீடு எரியவில்லை; வெள்ளம் புகவில்லை; கள்வனும் வரவில்லை. மடிக்கணினியின் உள்ளே கிடந்த உள்ளங்கையளவான வன்தட்டு ஒன்று நின்றுவிட்டது, அவ்வளவே. சட்டத்தரணியின் கந்தோரிலும், வைத்தியரின் மேசையிலும், ஆசிரியரின் வீட்டிலும், நெற்கணக்கும் வெங்காயக் கணக்கும் பிள்ளைகளின் கையால் கணினியில் எழுதிவைக்கும் கமக்காரரின் இல்லத்திலும் இத்துயரம் இன்று ஒரேவிதமாகவே நிகழ்கின்றது.

இதனை விதி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொள்வோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. வன்தட்டு பழுதடைவது அப்பொறியின் இயல்பு. அதனை எவராலும் என்றென்றைக்கும் தடுத்துவிட முடியாது. ஆனால் அதனுள் இருந்த செல்வம் அழிவது மனிதரின் அசட்டையால் விளைவது; அதனைத் தடுக்க முடியும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதே தவறுகளுக்கெல்லாம் தாயாகும்.

பெட்டிக்குள் நடப்பது யாது?

உலகின் முதல் வன்தட்டுப் பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளை அடுக்கிய அப்பொறி ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையதாயிருந்தும் 50 இலட்சம் எழுத்துக்களை மாத்திரமே கொண்டது. இன்று மடிக்கணினியில் பொருத்தும் இரண்டரை அங்குலத் தட்டுப்பெட்டி, ஒரு டெராபைட் அளவினதாயின், அதனிலும் ஓர் இலட்சம் மடங்குக்கு மேலாகக் கொள்கின்றது. கொள்ளளவு பெருகிற்று, ஆனால் பொறியின் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கின்றது. அதன்மேல் ஒரு சிறு தலை அசைந்து எழுதவும் படிக்கவும் செய்கின்றது.

அத்தட்டு பெரும்பாலான மடிக்கணினிகளில் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது செக்கனுக்கு 90 முறை சுழல்கின்றது. தலை தட்டைத் தொடுவதில்லை. தட்டின் வேகத்தால் எழும் காற்றின் மேல் மிதந்து நிற்கின்றது. அவ்விடைவெளி மனிதனின் தலைமயிர்ப் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. ஒரு தூசியோ புகைத்துணிக்கையோ அவ்விடத்தில் மலை போன்றது. கணினி இயங்கிக்கொண்டிருக்கையில் மேசையிலிருந்து விழுந்தால் தலை தட்டில் மோதும். மோதிய இடத்திலே பூச்சு உரியும். உரிந்த துகள்கள் பரவி ஏனைய இடங்களையும் கீறும். நெற்பயிரில் ஒரு மூலையிற் கண்ட நோய் வயல் முழுவதும் பரவுவது போன்றது இது.

இத்தகைய நுண்பொறி சில ஆண்டுகள் உழைப்பதே வியப்பு. ஆயினும் மக்கள் அதனைத் தாத்தா காலத்து வேப்பமரப் பெட்டகமாக எண்ணி யாவற்றையும் அதனுள் இட்டு நிம்மதியாய் உறங்குகின்றனர்.

எச்சரிக்கை வருமா?

சில வேளைகளில் வரும். கோப்பொன்றைத் திறக்கக் கணினி வழமையிலும் நெடுநேரம் எடுத்தல், பெயர்கள் சிதைந்து தோன்றுதல், பிரதி செய்யும்போது இடையில் நின்றுவிடுதல், உள்ளிருந்து “டிக், டிக்” என்ற ஓசை ஒழுங்காய் எழுதல் ஆகியன அபாய அறிகுறிகள். தட்டுகள் தமது உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ எனும் ஏற்பாடும் உண்டு. பழுதுபட்ட பகுதிகளுக்கு மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் தட்டின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று கொள்ளலாம். அதனைக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள.

எனினும் எச்சரிக்கையை நம்பியிருத்தல் பேதைமை. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பழுதடைந்த தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, வலுவானவை என்று கருதப்பட்ட நான்கு குறிகளுள் ஒன்றையேனும் முன்னதாகக் காட்டவில்லை. ஓசையின்றி வரும் பகைவனுக்கு நாயின் குரைப்பை நம்பிக் கதவைத் திறந்துவைப்பார் உண்டோ?

முதற் கடமை நிறுத்துதல்

தட்டு பழுதடைந்துவிட்டது. இனிச் செய்ய வேண்டியது யாது? இங்கேதான் பெரும்பாலார் தவறு இழைக்கின்றனர். பதற்றத்தில் கணினியை நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்ப இயக்குகின்றனர். தலை உடைந்த தட்டை ஒவ்வொரு முறை சுழற்றுவதும் காலொடிந்தவனை எழுந்து ஓடச் செய்வதற்கு ஒப்பாகும். “டிக், டிக்” ஓசையோ உராய்வோசையோ கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். மறுபடி இயக்கலாகாது.

ஓசை எதுவும் இல்லையாயின் அவசரப்பட்டுத் தட்டின் மேற் பழி சுமத்தவும் வேண்டியதில்லை. விண்டோஸ் பழுதானாலும், இணைப்பு வயர் தளர்ந்தாலும், மின்கலம் கெட்டாலும் கணினி எழாது. தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பியின் மூலம் வேறொரு கணினியிற் பொருத்திப் பார்த்தால் உண்மை பல வேளைகளில் வெளிப்பட்டுவிடும். அப்பொழுது “இத்தட்டை ஃபோர்மட் செய்யவேண்டுமா?” என்று கணினி கேட்கக்கூடும். “ஆம்” என்று அழுத்தியோர் பலர் பின்னர் அழுதிருக்கின்றனர். அக்கேள்விக்கு விடை எப்பொழுதும் “இல்லை” என்பதே.

தட்டு தென்பட்டு, ஆனால் தடுமாறுகின்றதாயின், அதனைச் சீர்செய்ய முயல்வதற்கு முன்னர் அதிலுள்ளவற்றை வேறொரு நல்ல தட்டுக்கு முழுமையாகப் பிரதி செய்தல் வேண்டும். ‘ஜி.என்.யூ. டிடிரெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருள் இதற்கென்றே ஆக்கப்பட்டது. அது நல்ல பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளைக் குறித்துவைத்து, இறுதியிலேயே அவற்றிடம் திரும்புகின்றது. விண்டோஸில் உள்ள தட்டுச் சோதனையை நோயுற்ற தட்டின்மேல் ஏவுவதோ, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை அதே தட்டில் நிறுவுவதோ எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்கு நிகராகும். மீட்புப் பணி எதுவாயினும் பிரதியின்மேல் நடக்கட்டும், மூலத்தைத் தொடாதிருக்கட்டும்.

கைவைத்தியம் வேண்டா

உறைபெட்டியில் வைத்தால் உயிர்க்குமாம். அரிசிக்குள் புதைத்தால் சரியாகுமாம். மூடியைத் திறந்து தலையை விரலால் நகர்த்தலாமாம். இவ்வாறான உபாயங்கள் ஊரில் உலாவுகின்றன. குளிரூட்டிய தட்டை வெளியில் எடுத்ததும் எமது நாட்டு வெப்பத்தில் அதன்மேல் ஈரம் படியும். அந்த ஈரத்தோடு சுழலும் தட்டின் கதி சொல்லவேண்டியதன்று. மூடியைச் சாதாரண அறையில் திறந்தால் தூசி புகும்; இவ்வேலைக்குத் தூசி நீக்கிய காற்றுள்ள தனியறை வேண்டும். இன்னொரு தட்டின் மின்பலகையை எடுத்து மாட்டினாற் போதும் என்பதும் பழங்கதை. இன்றைய தட்டுகளில் அத்தட்டுக்கே உரிய அளவுக் குறிப்புகள் பலகையிலுள்ள சிறு நினைவகத்தில் இருக்கின்றன. அதனையும் மாற்றிப் பொருத்தாவிடில் பலகை பயன்படாது.

ஆகவே, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது எனின், சிறப்பு மீட்பு நிலையத்திடம் ஒப்படைத்தலே முறை. அதற்குப் பணம் மிகுதியாகச் செலவாகும், வெற்றியும் நிச்சயமன்று. உள்ளே இருப்பது அத்துணைப் பெறுமதியற்றது எனின், புதிய தட்டை வாங்கிப் பொருத்திப் புதிதாய்த் தொடங்குவதே அறிவுடைமை. எது நம் நிலை என்பதைத் தட்டைத் திறப்பதற்கு முன்னர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். “முதலில் நாங்கள் முயன்று பார்ப்போம், முடியாவிட்டால் அனுப்புவோம்” என்ற போக்கு, ஊர்ப் பரியாரி கைவிட்டபின் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வது போன்றது.

திருத்தக் கொடுப்போர் கடையிற் கேட்கவேண்டியவை சில உள. தட்டைத் திறப்பார்களா, மாட்டார்களா? மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா? பழைய தட்டைத் திருப்பித் தருவார்களா? இவற்றுக்கு எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். பழைய தட்டில் ஒரு வைத்தியரின் நோயாளர் குறிப்புகளோ, ஒரு சட்டத்தரணியின் கட்சிக்காரர் இரகசியங்களோ இருக்கலாம். கோப்பை நீக்குவது வேறு, அழிப்பது வேறு. சுழல்தட்டிலிருந்து நீக்கிய கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. பிறர் தரவை வைத்திருப்போர் பழைய தட்டை இரும்புக் கடைக்கு எறியும் வழக்கத்தை இனியேனும் கைவிடுவாராக.

புதிய தட்டிலும் ஆபத்து உண்டு

“இவையெல்லாம் பழைய சுழல்தட்டின் குறைகள், எங்கள் கணினியில் எஸ்.எஸ்.டி. உண்டு” என்று சிலர் பெருமை பேசுவர். சுழலும் பாகம் அற்ற அத்தட்டு விரைவானது, அதிர்ச்சியைத் தாங்குவது. உண்மைதான். ஆனால் அது சாகும்போது ஓசையின்றிச் சாகும். நேற்றுவரை வேலை செய்தது இன்று கணினிக்குத் தென்படாமலே போகும். நீக்கிய கோப்பின் இடத்தை அது தானாகவே துப்புரவு செய்துவிடுவதால், தவறுதலாக நீக்கியதைச் சுழல்தட்டில் மீட்பது போல் அதில் மீட்கவும் இயலாது. மின்னேற்றமின்றி நெடுங்காலம் அலுமாரியிற் கிடந்தால் எழுதியது மங்கும் இயல்பும் அதற்கு உண்டு.

இன்னுமொன்று. அண்மைக்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தட்டு ‘பிட்லொக்கர்’ எனும் பூட்டினால் தானாகவே பூட்டப்பட்டிருக்கின்றது. அப்பூட்டின் திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். கணினியின் பலகை பழுதாகி, தட்டு நலமாயிருந்தாலும், அவ்வெண் இல்லையேல் உள்ளிருப்பதைப் படிக்க எந்தப் பொறியியலாளராலும் ஆகாது. அதனை இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதி, உறுதிக்கட்டோடு வைத்துக்கொள்ளுமாறு வற்புறுத்துகின்றோம்.

அரசாங்கங்களும் விலக்கல்ல

அசட்டை ஏழைக் கமக்காரனுக்கு மாத்திரம் உரியதன்று. கோடிக்கணக்கிற் செலவிடும் அரசாங்கங்களையும் அது பீடித்திருக்கின்றது. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் ஏற்பாடு கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்கு மீட்கத்தக்க பிரதி இருக்கவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதங்கள் காற்றோடு போயின.

நமது நாடுதான் இவ்வாறு என்று எள்ளி நகையாடவும் இடமில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவில், 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆம் நாள் தேஜொன் நகரத் தரவு நிலையத்திற் பற்றிய தீ, அரசாங்க உத்தியோகத்தர் கோப்புகளைச் சேமித்த ஏற்பாட்டினை முற்றாக அழித்தது. 858 டெராபைட் தரவுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. காரணம் வினவியபோது, அளவு மிகப் பெரிதாயிருந்தமையால் வெளியே பிரதி வைக்கவில்லை என்றனர். பெரிய செல்வம் என்பதற்காகப் பூட்டுப் போடவில்லை என்று சொல்வதைப் போன்ற நியாயம் இது!

பிரதி உண்டு என்று நம்பி ஏமாந்தோரும் உளர். 2017 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் நாள் கிட்லாப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாகத் தரவுத் தொகுதியொன்றை நீக்கிவிட்டார். பிரதி எடுப்பதற்கெனப் பல ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் எடுத்திருந்த ஒரு பிரதியே அந்நிறுவனத்தைக் காத்தது. திறந்து பார்க்காத பிரதி, பிரதி அன்று. அது வெறும் நம்பிக்கை.

நொத்தாரிசு காட்டும் வழி

தீர்வைத் தேடி நாம் அந்நிய தேசம் போகவேண்டியதில்லை. நமது ஊர் நொத்தாரிசைப் பார்த்தாற் போதும். காணி உறுதி ஒன்று முடிக்கப்படும்போது மூலம் உரிமையாளரிடம் போகின்றது. மற்றொன்று நொத்தாரிசிடம் தங்குகின்றது. இன்னொன்று காணிப் பதிவகத்துக்குச் செல்கின்றது. ஒன்றைக் கறையான் தின்றாலும் காணி போய்விடாது. மூன்று பிரதி, வெவ்வேறு இடம் என்ற இவ்வழக்கம் கணினி பிறப்பதற்கு முன்னரே இங்கு சட்டமாயிருந்தது. இன்று கணினி உலகம் போற்றும் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்ற விதியும் இதுவே: மூன்று பிரதிகள்; இரண்டு வகைச் சாதனங்கள்; ஒன்றேனும் வேறிடத்தில்.

கமக்காரனுக்கும் இது புதிய பாடமன்று. உண்ணும் நெல்லையும் விதைநெல்லையும் அவன் ஒன்றாய்க் கலப்பதில்லை. எத்துணைப் பஞ்சம் வந்தாலும் விதைநெல்லிற் கைவைப்பதில்லை. பிரதித் தட்டு விதைநெல்லைப் போன்றது. அன்றாட வேலைக்கு அதனை எடுக்கலாகாது. அன்றாடக் கணினியோடு அதனை எந்நேரமும் இணைத்து வைத்திருக்கவும் கூடாது. இணைந்திருந்தால் ஐப்பசி மாத இடிமின்னலோ, கப்பம் கோரும் தீநிரலோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும்.

எழுத்துச் செல்வத்தைப் பறிகொடுத்த வேதனையை நம்மிலும் நன்கறிந்த சமுதாயம் எது? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்திற் பிரதியுள்ள அச்சு நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாயிருந்த ஏடுகளோ என்றென்றைக்கும் போயின. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றினார். 1887 ஆம் ஆண்டில் கலித்தொகை அச்சிலே வெளிவந்தமை அவ்வுழைப்பின் பயன். ஒன்றைப் பலவாக்குதலே காத்தல் என்பதை அப்பெரியார் செயலாற் காட்டினார். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது நகையை விட்டாலும் உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அடங்கிய பையை விடாது தூக்கிச் சென்ற மக்கள் நம் மக்கள். அந்த விழிப்பு, கணினி வந்தவுடன் எங்கே போயிற்று?

செய்யவேண்டியன

ஒவ்வொரு வீட்டிலும் வெளித்தட்டு ஒன்று இருக்கட்டும். கிழமைக்கு ஒருநாளை நியமித்து அதிற் பிரதி எடுக்கட்டும். மற்றொரு பிரதி வேறூரிலுள்ள உறவினரிடமோ, இணையச் சேமிப்பகத்திலோ இருக்கட்டும். யாவற்றையும் இணையத்தில் ஏற்ற வசதியில்லாதோர் உறுதி, அடையாள அட்டை, சான்றிதழ், கணக்கு, மறைந்தோர் படங்கள் ஆகிய இன்றியமையாதவற்றையேனும் ஏற்றுவாராக. பென்டிரைவை நிரந்தரப் பெட்டகமாகக் கொள்ளவேண்டா. அது கடிதத்தைக் கொண்டுசெல்லும் பை மாத்திரமே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்ளுதலும் வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு மேலுமொரு வார்த்தை. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் ஆண்டுக்கணக்காய் எழுதிய கோப்புகள் பல நம்மவரிடம் உண்டு. தட்டிலிருந்து அவற்றை மீட்டாலும், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே தோன்றும். பிரதி எடுக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவைத்தல் வேண்டும்.

பொது நிறுவனங்களின் பொறுப்பு இதனிலும் பெரிது. கமக்காரர் அமைப்பின் நீர்ப்பங்கீட்டுப் பதிவும், கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் கணக்கும், பாடசாலையின் மாணவர் பதிவும் காரியதரிசியின் மடிக்கணினியில் மாத்திரம் இருத்தல் தகாது. கணக்காய்வுக் கூட்டத்தில் “காசு எங்கே?” என்று கேட்கும் அங்கத்தவர்கள், “பிரதி எங்கே? கடைசியாக அதைத் திறந்து பார்த்தவர் யார்?” என்றும் கேட்கும் உரிமையுடையவர்கள். அவ்வுரிமையைப் பயன்படுத்துமாறு வேண்டுகின்றோம். கூட்டுறவுச் சங்கங்கள் முன்வந்தால், தனித்தனியே தட்டு வாங்க வசதியற்ற அங்கத்தவர்களுக்குப் பொதுவான பிரதிக் காப்பகம் ஒன்றை நடத்துதலும் இயலாத காரியமன்று. நெல்லைச் சேர்த்துவைக்கக் களஞ்சியம் கட்டிய சங்கங்களுக்கு எழுத்தைச் சேர்த்துவைக்க ஓர் அலுமாரி பெரிதா?

அணையை மாரி தொடங்குமுன் பார்ப்பதே கமக்காரன் மரபு. குளம் உடைத்தபின் மண்வெட்டியோடு ஓடுபவனை ஊர் மெச்சுவதில்லை. இக்கட்டுரையைப் படித்து முடிப்போர் செய்யவேண்டிய காரியம் ஒன்றே. இழந்தால் ஈடுசெய்ய முடியாத பத்துக் கோப்புகள் எவை என எண்ணிப் பார்த்து, இன்று இரவு உறங்குமுன் அவற்றை வேறோர் இடத்திற் பிரதி செய்துவிடுவார்களாக. வன்தட்டு முறியும் நாள் எதுவென எவரும் அறியார். அந்நாளில் அழுவதா, புதிய தட்டொன்றை வாங்கிக்கொண்டு அமைதியாய் வேலையைத் தொடர்வதா என்பதைத் தீர்மானிப்பது அன்றன்று, இன்றேயாகும்.